வாக்கரோடு வந்த பை

விளாங்குடி, மதுரை
ஆவணி 9, திங்கட்கிழமை

அன்புள்ள ஜோதிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை விக்ரமும் குழந்தை மீனாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே யாவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் தப்பான விடையை எழுதிப் பழகாத கை என்பதால் அந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறேன். முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து நான் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் வீடியோவில் என்னிடம் நீ ஒன்று கேட்டாய், நினைவிருக்கிறதா. "இந்தக் காலத்துல யாராச்சும் இம்புட்டு வலியத் தாங்கிக்கிட்டுக் கெடப்பாங்களாம்மா, வலி மாத்திரையெல்லாம் எதுக்குக் கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க" என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டு, மீனாவுக்கு முன்பல் விழுந்துவிட்டதா என்று பேச்சை மாற்றினேன். உன் தம்பி அழகுபாண்டி அப்போது கட்டில் ஓரத்தில்தான் இருந்தான். ஒரு கையால் என் முழங்காலில் ஐஸை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் போனை எனக்கு நேராகப் பிடித்திருந்தவன் அவன்தான். அதனால் உன் கண்ணில் படவில்லை. உன் கேள்விக்குப் பதிலை அவன் காதில் விழும்படி சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இப்போது அவன் இங்கே இல்லை, சொல்லலாம், ஆனால் வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாது, எழுதத்தான் முடியும். வேலை அவசரத்தில் வாசிக்காதே, உட்கார்ந்து வாசி.

புதுப் பாடம் தொடங்கும் முன் பழைய பாடத்தை ஒரு தரம் சொல்லிவிடுவது என் பழக்கம், உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அலங்காநல்லூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து அழகுவுக்குத் தொடை எலும்பு முறிந்தது, பிளேட் வைத்தார்கள், வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். எலும்பு ஆறு மாதத்தில் கூடிவிட்டது, மாத்திரை நிற்கவில்லை. பிறகு டாக்டர் சீட்டு இல்லாமல் எங்கெங்கோ வாங்கினான், பிறகு அதையே கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்களோடு சேர்ந்தான், ஒரு நாள் நான் அவனைக் கன்னத்தில் அறைந்தேன், அதற்கு மறுவாரம் மறுவாழ்வு இல்லத்தில் கொண்டுபோய் விட்டோம். மூன்று மாதம் அங்கே இருந்தான். சொந்தக்காரர்களிடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை என்று சொல்லி வைத்தோம், அப்படிச் சொல்லலாம் என்று நீ சொன்னாய், நான் சரி என்றேன், அதில் நம் இரண்டு பேருக்கும் பங்கு இருக்கிறது. அவன் வெளியே வந்த மூன்றாம் மாதம்தான் நீ ஊருக்கு வந்து மீனாவுக்குக் காது குத்தினாய். தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தையை, உன் சித்தப்பா மகன் பாண்டியராஜன் மடியில் உட்கார வைத்தோம். அழகுவுக்குக் கை நடுக்கம் இன்னும் போகவில்லை, பார்க்கிறவர்கள் ஏதாவது கேட்பார்கள் என்றாய், அதற்கும் நான் சரி என்றேன். அன்றைக்கு முழுக்க அவன் இந்த வீட்டில்தான் இருந்தான், நாங்கள் திரும்பி வந்தபோது வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தான். அன்றிலிருந்து நீயும் அவனும் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் அவன் மாத்திரை தொடாமல் இருந்தான், பதினான்கு மாதம். லோடு ஆட்டோ ஓட்டினான், வாரத்தில் ஒரு நாள் இல்லத்துக்குப் போய் அங்கே இருக்கும் ஆலோசகரைப் பார்த்துவிட்டு வருவான்.

அதனால்தான் எனக்கு ஆபரேஷன் நாள் குறித்தபோது டாக்டரிடம் தனியாக இதைச் சொன்னேன். அந்த வகை மாத்திரை என் வாசல்படியைத் தாண்டக் கூடாது, என் வலியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவருக்கு என்னிடம் படித்த பிள்ளைகளின் வயசுதான் இருக்கும். "முடியும்மா, நெறையப் பேரு அப்பிடித் தாண்டி வந்திருக்காங்க, ஆனா வலிக்காதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். தொடையில் நரம்பை மரக்க வைக்கும் ஊசி ஒன்று, மூட்டைச் சுற்றி ஒன்று, வீட்டுக்கு வந்த பிறகு பாரசிட்டமால், வீக்கத்துக்கு இன்னொரு மாத்திரை ஐந்து நாளைக்கு மட்டும், எனக்குச் சிறுநீரகம் கொஞ்சம் மந்தம் என்பதால் அதற்கு மேல் கூடாது. மற்றதெல்லாம் ஐஸும் பயிற்சியும்தான். தொண்ணூறு டிகிரி மடங்கினால்தான் நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்து எழுந்திருக்க முடியும், ஆறு வாரத்துக்குள் அதைத் தொட்டுவிட வேண்டும், உள்ளே காயம் ஆறும்போதே இறுகிவிட்டால் பிறகு மூட்டு நம் பேச்சைக் கேட்காது என்று சொல்லி அனுப்பினார்.

முதல் இரண்டு நாள் கால் வாழைத்தண்டு மாதிரி கிடந்தது, இவ்வளவுதானா என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஊசியின் வேகம் இறங்கியது. உன்னைப் பெற்ற வலியும் எனக்கு நினைவிருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு முடிவு உண்டு என்று உடம்புக்கே தெரிந்திருந்தது, இந்த வலி முடிவு தெரியாத வலி. வீட்டுக்கு வந்ததும் அழகு லோடு வண்டியை நண்பனிடம் விட்டுவிட்டு என் காலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். வலியைப் பற்றி அவனுக்குத் தெரிந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இருக்காது என்று அப்போது தோன்றியது. "வலி வந்தப்பறம் மாத்திரை போட்டா வலி ஜெயிச்சிரும்மா, அது வாரதுக்கு முந்தி போட்டுறணும்" என்பான். பள்ளிக்கூட மணியைப் பிள்ளைகள் சத்தம் போட ஆரம்பித்த பிறகா அடிக்கிறோம், நேரம் வந்தால் அடிக்கிறோம், அந்த மாதிரி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாரசிட்டமால், அது உள்ளே போய் அரை மணி கழித்துப் பயிற்சி, பயிற்சி முடிந்ததும் ஐஸ். பால் பாக்கெட் கவர்களைக் கழுவித் தண்ணீர் ஊற்றிக் கட்டி ஃப்ரீசரில் அடுக்கி வைத்திருந்தான், ஒன்றை எடுத்து ஈரத்துண்டில் சுற்றி முழங்காலில் வைத்து இருபது நிமிஷம் கடிகாரத்தைப் பார்ப்பான், அதற்கு மேல் ஒரு நிமிஷம் விடமாட்டான். படுக்கும்போது தலையணையைக் குதிகாலுக்கு அடியில்தான் வைப்பான், முழங்காலுக்கு அடியில் வைக்கவே கூடாது, அங்கே வைத்தால் சுகமாக இருக்கும், ஆனால் கால் அப்படியே வளைந்தபடி இறுகிப்போகும், பிறகு நேராக நீளாது. இதைப் பிஸியோதெரபிஸ்ட் பீமாராவ் முதல் நாளே சொன்னார். அவர் வாரத்துக்கு மூன்று நாள் வருவார், வாய் ஓயாத மனிதர், "எத்தன பிள்ளைகள முட்டி போட வச்சிருப்பீக டீச்சரம்மா, அந்த முட்டியெல்லாம் சேந்து இப்ப உங்க முட்டியில வந்து உக்காந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே காலை மடக்குவார்.

மடக்கும்போது நான் பதினேழாம் வாய்ப்பாடு சொல்வேன். மனசுக்குக் கஷ்டமான வேலை ஒன்று கொடுத்தால் வலிக்கு இடம் கொஞ்சம் குறைகிறது, இது உண்மை, நீயும் பல்வலிக்குச் செய்து பார்க்கலாம். பதினேழு ஏழு நூற்றுப்பத்தொன்பது வரும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும், மீதியை அழகு சொல்வான். நான் கத்தினாலும் அவன் கை தளராது. அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை, காலின் கட்டைவிரலைப் பார்ப்பான். கட்டைவிரல் நேராக இருக்கும்வரை இது பொறுக்கிற வலி, விரல் சுருண்டால் பொறுக்காத வலி, அப்போது நிறுத்திவிடுவான். பீமாராவே அதைப் பார்த்துவிட்டு, "தம்பி எங்க படிச்சீக" என்று கேட்டார். பரணில் கிடந்த என் பழைய மரக் கோணமானியை, கரும்பலகைக்கு என்று வைத்திருந்தேனே அதை, தேடி எடுத்து முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்து அளப்பான், அளந்ததைக் காலண்டரில் அந்தந்தத் தேதிக்குக் கீழே எழுதுவான். நாற்பது, நாற்பத்தெட்டு, ஐம்பத்தைந்து, எழுபத்தொன்று, தையல் பிரித்த அன்றைக்கு எழுபத்தெட்டு. எழுபத்தெட்டு எழுதிய அன்று அவன் சத்தம் போட்டுச் சிரித்தான் ஜோதி. அவன் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கால் சரியானால் போதும் என்றுதான் ஆபரேஷனுக்குப் போனேன், காலோடு அவனும் கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

தப்பு அடுத்த நாளிலிருந்து ஆரம்பித்தது. தையல் பிரித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் சொந்தபந்தம் பார்க்க வர ஆரம்பித்தது. ஆடி பிறந்துவிட்டால் சாமி கும்பிடு, விதைப்பு என்று அவரவருக்கு வேலை வந்துவிடும், அதற்குள் டீச்சரை ஒரு எட்டுப் பார்த்துவிட வேண்டும். ஒன்பது நாள், ஒரு நாள்கூட வீடு காலியாக இல்லை. காலையில் பயிற்சி நேரத்துக்கு ஒரு கூட்டம், அவர்கள் எழுந்திருக்கும்போது அடுத்த கூட்டம், சாயங்காலப் பயிற்சி நேரத்தில் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள். பார்க்க வந்தவர்கள் முன்னால் காலை மடக்கிக்கொண்டு கத்துவதா, வாய்ப்பாடு சொல்வதா. வாத்தியாரம்மா என்ற மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு புடவையை இழுத்து மூடிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அழகு வாசலில் நின்று "அம்மா, நேரமாச்சு" என்று கண்ணைக் காட்டுவான், நான் அப்புறம் என்று கையைக் காட்டுவேன். வந்தவர்கள் எல்லாரும் நல்ல மனசோடுதான் வந்தார்கள், வந்த ஒவ்வொருவரும் நான் முகம் சுளிப்பதைப் பார்த்து, ஐயோ பாவம் என்று முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையைத் தள்ளிவிட்டுப் போனார்கள். எனக்கும் அது சுகமாக இருந்தது, எடுக்கவில்லை. ஒரு வாரம் வாய்ப்பாடு சொல்லாத பிள்ளைக்கு என்ன ஆகும் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பத்தாம் நாள் அளந்தபோது ஐம்பத்தொன்பது. நீட்டினால் முழுக்க நீளவில்லை, மடக்கினால் உள்ளே துணி கிழிவது மாதிரி வலி, ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள்கூட அப்படி இல்லை. பீமாராவ் அன்றைக்குக் கேலி எதுவும் பேசவில்லை, தலையணையை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.

இந்த ஒன்பது நாளின் கடைசி நாள் சோழவந்தானிலிருந்து உன் ஜெயக்கொடி அத்தை வந்தாள். நம் குடும்பத்து வாக்கர் உனக்குத் தெரியும், மேலூர் பெரியப்பா இடுப்பு ஒடிந்தபோது வாங்கியது, யாருக்குக் கால் போனாலும் அந்த வீட்டுக்குப் போகும். இரண்டு வருஷத்துக்கு முன் ஜெயக்கொடிக்கே முட்டி மாற்றியபோது அங்கே போனது, அவள் வீட்டுக்காரர் மலையாண்டி மாமா புற்றுநோயில் படுத்தபோதும் அங்கேயே நின்றுவிட்டது. நான் மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த வாக்கர் ஒரு மாதக் கடன்தான் என்று கேள்விப்பட்டு அதைப் பஸ்ஸில் போட்டு அவளே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். வாக்கர் போகும்போது வெறுமனே போகாது, மிச்சம் இருக்கும் முட்டி உறை, ரப்பர் விரிப்பு, தைலம், மாத்திரை எல்லாம் ஒரு கேரி பேக்கில் போட்டு அதன் கைப்பிடியில் மாட்டிவிடுவார்கள், காசு போட்டு வாங்கியதைக் குப்பையில் போட நம் வீட்டில் யாருக்கும் மனசு வராது. என்னிடமும் அந்தப் பழக்கம் உண்டு, உன் அப்பாவின் இருமல் மருந்தை எத்தனை வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுக்கு மதினி இப்பிடிப் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கீக, எங்க வீட்டுக்காரரு கடைசியில போட்ட மாத்திரை ஒரு அட்டை அப்பிடியே இருந்துச்சு, போட்டுக் கொண்டாந்திருக்கேன், ஒண்ணு போட்டீகன்னா அம்புட்டு வலியும் ஓடிப்போயிரும், வாசல்லயே அழகுகிட்ட குடுத்துட்டேன்" என்றாள். நான் சிரித்தேன். பார்க்க வந்தவள் முன்னால் சிரிக்காமல் என்ன செய்வது. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நீயும் படாதே. திருப்பூர் என்று சொன்னது நாம், பனியன் கம்பெனி என்று சொன்னது நாம், தெரிந்திருந்தால் அவள் அந்தப் பையை அவன் கையில் கொடுத்திருப்பாளா.

இனி எழுதப்போவதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் பஸ் ஏறப் போனதும் நான் அழகுவைக் கூப்பிட்டு அந்தப் பை எங்கே என்று கேட்டேன். "ஃப்ரிட்ஜ் மேல வச்சிருக்கேன், என்ன செய்யம்மா அத" என்று கேட்டான். அவன் கேட்டது என்னிடம் உத்தரவு கேட்ட மாதிரி இருந்தது ஜோதி, சின்ன வயசில் பரீட்சைத் தாளை நீட்டிக்கொண்டு நிற்பானே அந்த முகம். தூக்கிப் போடு என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு வலி தாங்கவில்லை. ஒன்று போட்டால் ஓடிப்போகும் என்று அவள் சொன்னது காதிலேயே நின்றது. இருக்கட்டும்ப்பா என்று சொன்னேன். அவன் ஃப்ரீசரைத் திறந்து ஐஸ் எடுக்கப் போனான். நாலு நாள் நான் கட்டிலில் படுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் மேல் அந்த மஞ்சள் பையின் காது தெரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வலியை மட்டும்தான் நினைத்தேன். அதே வீட்டில் அதே பையை இன்னொருத்தனும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கவில்லை, நினைத்தும் நினைக்காத மாதிரி இருந்தேன் என்பதுதான் சரியான விடை.

ஐந்தாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு மடக்கியபோது கட்டைவிரல் சுருண்டது, அவன் நிறுத்தவில்லை, கவனம் எங்கேயோ இருந்தது. அது முடிந்ததும் நான் அந்த மாத்திரையில் ஒன்று எடுத்துக் கொடு என்று கேட்டுவிட்டேன். அவன் போய் எடுத்து வந்தான். அட்டையில் பத்துக்கு நாலு இருந்தது. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவன் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டு, "ஆறு நான் போட்டுட்டேன்மா" என்றான், மறைக்கவில்லை. நான் அப்போது செய்ததைக் கேள். அவனைத் திட்டவில்லை, அழவில்லை, கையை நீட்டி ஒரு மாத்திரையை வாங்கிப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். அரை மணி நேரத்தில் என் முழங்கால் தெருக்கோடிக்குப் போய்விட்டது. வலி குறைந்தது என்று சொல்ல முடியாது, வலி அங்கேயேதான் இருந்தது, அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லாமல் போனது. காலுக்கு மட்டும் இல்லை, உன் அப்பா போனது, நீ தூரத்தில் இருப்பது, இவன் கெட்டது எதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. இவ்வளவு லேசாக இருக்கும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் அன்றைக்கு அவனை நான் அறைந்திருக்க மாட்டேன். சாயங்காலம் வாந்தி எடுத்தேன், தலை சுற்றியது, அதோடு முடிந்தது. மறுநாள் காலையில் மிச்சம் மூன்றையும் என் கையில் கொடுத்து, "நீயே போடும்மா, என்னால போட முடியாது" என்றான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய் மூன்றையும் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அவன் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அதற்கு மறுநாள் துணியை எடுத்து வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டான். மேலூரில் கிரானைட் பட்டறை ஒன்றில் லோடு ஏற்றும் வேலை, கருப்பு என்று அவனோடு வண்டி ஓட்டிய பையன் பிடித்துக் கொடுத்தான். "வீட்டுல இருந்தா ஃப்ரிட்ஜு மேலயேதான் கண்ணு போகுதும்மா, அங்க ஒண்ணுமில்லேன்னு தெரிஞ்சும் போகுது, நான் போறேன்" என்று சொன்னான். நான் தடுக்கவில்லை. இந்த ஐந்து வாரமாக வீடியோவில் நீ கேட்கும்போதெல்லாம் உன் தம்பி வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொன்னேன், அது பொய் இல்லை, முழு விடையும் இல்லை. இல்லத்து ஆலோசகர் போன் செய்தார், ஐந்து வாரமும் அவன் அங்கே வரவில்லை. போன வாரம் பீமாராவ் மேலூருக்கு ஒரு நோயாளியைப் பார்க்கப் போனவர் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்திருக்கிறார். சொல்லலாமா வேண்டாமா என்று நெடுநேரம் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கண்ணு சொருகி உக்காந்திருந்தாப்ல டீச்சரம்மா, பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், யாருன்னு தெரியல தம்பிக்கு" என்றார். காலை பதினோரு மணிக்கு. நான் போன் செய்தால் மணி முழுக்க அடித்து நின்றுவிடுகிறது, எடுப்பதில்லை. ஜெயக்கொடியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இனி மறைத்து என்ன ஆகப் போகிறது. வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், "சொல்லித் தொலைச்சிருக்கலாமுல்ல மதினி, நான் என்ன ஊருக்குத் தண்டோராவா போடப் போறேன், என் அண்ணன் மகன் இல்லையா அவன்" என்று கேட்டாள்.

கால் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்றோடு ஒன்பது வாரம், ஐம்பத்தெட்டு டிகிரி. அவன் விட்டுப்போன நாளிலிருந்து காலண்டரில் நான்தான் எழுதுகிறேன், அறுபதைத் தாண்டவில்லை. நாற்காலியில் காலை முன்னால் நீட்டிக்கொண்டுதான் உட்காருகிறேன், எழுந்திருக்க இரண்டு கையும் வேண்டும். வலி முன்பு போல் கத்த வைப்பதில்லை, பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி எந்நேரமும் இருக்கிறது. பாரசிட்டமாலும் ஐஸும்தான் இன்றைக்கும், வேறு எதுவும் தொடவில்லை. வீரம் என்று நினைக்காதே, வேறு எதையும் தொட எனக்குப் பயமாக இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்து வலுவாக மடக்கி உள்ளே ஒட்டியிருப்பதைப் பிரித்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆவணி 27 வெள்ளிக்கிழமை. மடக்குவது அவருக்குப் பத்து நிமிஷ வேலை. அதற்குப் பிறகு அன்றைக்கே தொடங்கி ஒரு நாளைக்கு நாலு தடவை வீட்டில் மடக்க வேண்டும், விட்டால் இரண்டு வாரத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ளும், இரண்டாம் தடவை அவர் செய்ய மாட்டார். பீமாராவ் வாரத்துக்கு மூன்று நாள்தான் வர முடியும். சமைக்க வரும் ஒச்சாயியைக் கேட்டுப் பார்த்தேன், என் காலைப் பிடித்ததுமே எனக்கு முன்னால் அவள் அழுதுவிட்டாள், "நான் கோழியவே அறுக்க மாட்டேன் டீச்சர், உங்க கால எப்பிடி மடக்குவேன்" என்கிறாள். பாண்டியராஜன் வந்து ஒரு நாள் பிடித்தான், நான் ஒரு தரம் முனகியதும் விட்டுவிட்டான், பாசக்காரப் பிள்ளை. கத்தும்போது விடாமல் இருக்கவும், விட வேண்டிய இடத்தில் விடவும் தெரிந்த கை ஒன்றுதான் இந்த வீட்டில் இருந்தது.

நீ கிளம்பி வா என்று எழுதவில்லை. உன் லீவும் மீனாவின் பள்ளிக்கூடமும் எனக்குத் தெரியும், வந்தாலும் நீ இரண்டு வாரத்தில் போய்விடுவாய். அவன் திரும்பி வருவான் என்றும் எழுதவில்லை. நாற்பது பேர் வகுப்பில் யார் தேறுவார்கள், யார் தேற மாட்டார்கள் என்று ஆடி மாதமே எனக்குத் தெரிந்துவிடும், இருந்தாலும் பங்குனி வரை பாடம் நடத்துவேன், அந்தப் பழக்கம்தான் இப்போதும். கால் வளையாது என்று நினைக்கிறேன். அவனும் இந்தத் தடவை வெளியே வர மாட்டான் என்று நினைக்கிறேன். உன்னிடம் அதை மறைத்து எழுதினால் இதுவும் இன்னொரு திருப்பூர் ஆகிவிடும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மீனாவுக்கு என் முத்தம், விழுந்த பல்லைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், தரையில் உட்காரவும் எழவும் யார் கையும் தேடாமல், நெடுநாள் வாழ வேண்டும். குளிர் காலம் வரும் முன் உன் முதுகுவலியை டாக்டரிடம் காட்டு, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாளாவது ஆகும், அந்த வெள்ளிக்கிழமைக்குச் சில நாள் மிச்சம் இருக்கும். வாசித்து முடித்ததும் அழகுவுக்குப் போன் செய். என் எண்ணைப் பார்த்துத்தான் எடுக்க மாட்டேன் என்கிறான், உன் எண்ணை எடுக்கிறானா பார்ப்போம், எடுக்காவிட்டால் மறுநாளும் செய். எடுத்தால் எங்கே இருக்கிறாய் என்று கேட்காதே, மாத்திரையைப் பற்றிக் கேட்காதே, அழாதே. அம்மாவின் காலை எப்படிப் பிடித்து மடக்க வேண்டும் என்று கேள், அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிரு.

உன் அம்மா,
கனகலட்சுமி